ஒத்து ஊதப் போற பேராண்டிக்கு

ஆல்பம் போடப் போறியாமா கண்ணு, உங்கப்பன் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் மூஞ்சி போன போக்கைப் பாத்தா, கெணத்து மோட்டாரு எரிஞ்ச அன்னிக்குக்கூட அவ்வளவு வெசனப்படல. "ரூமுக்குள்ள வெளக்க அணைச்சுட்டு உக்காந்து காத்தாடிச் சத்தத்த கம்ப்யூட்டர்ல போட்டுப் போட்டுக் கேக்கறான், அதையும் மெதுவா ஓட்டிக் கேக்கறான்"னு ஒரே பொலம்பல். நாந்தான் சமாதானம் சொல்லி அனுப்புனேன். ஏண்டா, தாராபுரம் ரோட்டுப் பக்கம் காத்தாடிக ராத்திரி பகலாச் சுத்துது, கரண்டு எங்கியோ போகுது, நமக்கு மிஞ்சறது சத்தம் மட்டுந்தான், அதையாவது உன் மவன் வித்துக் காசாக்கட்டுமேன்னேன். அவனுக்குச் சமாதானம் ஆன மாதிரி தெரியல.

உங்கப்பாரு நான் மைக் செட்டு வெச்சுப் பொழச்சவன். அகுஜா ஆம்ப்ளிபயரு, நாலு கொழா ஸ்பீக்கரு, ஒரு ரெக்கார்டு பிளேயரு, இத மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுக் கீரனூருக்கும் தொப்பம்பட்டிக்கும் நடுவுல எத்தன நோம்பி, எத்தன சீரு, எத்தன காதுகுத்து! அதனால சத்தத்தப் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. நீ போன்ல போட்டுக் காமிச்சியே, அதக் கேட்டேன். பாட்டு எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். "முடிஞ்சுருச்சு அப்பாரு, எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்ட. மரியாதைக்கு, நல்லா இருந்துச்சுன்னேன்.

ஆம்பியன்ட்டுங்கற அந்த வகைப் பாட்டே அப்படித்தானாம், நீதான் கதை சொன்ன. பிரையன் ஈனோன்னு ஒரு இங்கிலீசுக்காரரு, 1975-ல டாக்சி மோதிப் படுக்கையில கெடக்காரு. பாக்க வந்த சினேகிதி ஹார்ப் வாத்திய ரெக்கார்டு ஒண்ணக் குடுத்துட்டுப் போயிருச்சு. போட்டாச்சு, ஆனா சவுண்டு ரொம்பக் கம்மி, ஒரு பக்கத்து ஸ்பீக்கரு வேலையே செய்யல. எந்திரிச்சுக் கூட்டி வெக்கச் சீவனில்ல. வெளிய மழை. மழைச் சத்தத்துக்குள்ள அப்பப்ப ஒரு தந்தி மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போகுது. அட, இப்படியும் பாட்டு இருக்கலாமேன்னு அவருக்குத் தோணிப்போச்சு. அந்த வருசமே ஒரு ரெக்கார்டு போட்டாரு. பின்னால விமான நிலையத்துக்குன்னே இன்னொண்ணு. கவனிச்சாலும் சரி, கவனிக்காட்டியும் சரி, சும்மா சுத்தி நிக்கற பாட்டு. அடேய், ஒரு பக்கத்துக் கொழா பாடலீன்னா எனக்கு வாடகையில பாதியப் புடிச்சுக்குவானுக. அவரு அதுலயே ஒரு சாத்திரம் கண்டுபுடிச்சிருக்காரு. கெட்டிக்காரரு.

கவனிக்காத பாட்டுங்கறதும் நமக்குப் புதுசில்ல. மண்டபத்துல நாதசுரக்காரரு தோடியில உசுரக் குடுத்து ஊதிக்கிட்டு இருப்பாரு, எதுத்தாப்புல ரெண்டு சம்பந்தி சைட்டு வெல பேசிக்கிட்டு இருப்பாங்க. அய்யரு கெட்டிமேளம்னு கைய ஆட்டும்போதுதான் அங்க மேளம் இருக்கறதே ஊருக்கு ஞாபகம் வரும். விமான நிலையமாவது பரவாயில்ல, வாசிக்கறவரு அங்க உக்காந்திருக்க மாட்டாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். நீ பாட மாட்டேன்னு சொல்லிட்ட. அந்த மட்டுக்கும் ஊரு தப்பிச்சுது. பாடறதுக்கு ஒரம்பரையக் கூப்பிடப் போறேன்னு சொன்ன. ஒரு பாட்டுக்குச் சென்னைப் பொண்ணு, ஒரு பாட்டுக்கு டொரண்டோவுல இருக்கற யாழ்ப்பாணத்துப் பையன். பாடறது அவங்க, அட்டையில படம் உன்னுது. அப்ப உன் சோலிதான் என்னன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். புடிபட்டுப்போச்சு. நீ ஒத்துக்காரன்டா.

ஒத்து நீ பாத்திருக்க மாட்ட. பாக்கறதுக்கு நாதசுரமாட்டவே இருக்கும், ஆனா வெரல் வெச்சு வாசிக்க ஓட்டை கெடையாது. அடியில இருக்கற ஓட்டையில மெழுகு அடைச்சுச் சுருதி சேத்துக்குவாங்க, அவ்வளவுதான். ராத்திரி முச்சூடும் ஒரே சுரம். கன்னத்த உப்ப வெச்சு, மூக்குல இழுத்துக்கிட்டே வாயில விடணும், ஒரு நொடி அறுபடக்கூடாது. சாமி பொறப்பாட்டுல மல்லாரி ஊதுனவருக்கு மாலை, தவிலுக்குத் துண்டு, தாளம் போட்ட பையனுக்குக்கூட ஒரு வாழப்பழம். ஒத்துக்காரருக்குக் கன்ன வலி. ஆனா அவரு நிறுத்திப்புட்டாருன்னா அத்தன பெரிய வித்துவானும் அந்தரத்துலதான் நிக்கோணும். நீ கம்ப்யூட்டர்ல நாலு நிமிசம் 'ஊஊஊ'ன்னு ஒண்ண இழுத்து வெச்சிருக்கியே, அது அதுதான். வேற எதோ புதுசாக் கண்டுபுடிச்சதா நெனச்சு மண்டைய வளத்துக்காத. 1970-களோட கடைசியிலயே பெங்களூர்ல ராஜ் நாராயண்னு ஒரு இன்சினியரு, புல்லாங்குழலும் வாசிக்கறவரு, கரண்டுல பாடற தம்பூராவப் பெட்டிக்குள்ள அடைச்சுட்டாரு. மைலாப்பூர் மாமாக்க எல்லாம் விபூதி பூசிக்கிட்டு அந்த எலக்ட்ரானிக் சத்தத்த எத்தனையோ வருசமா மூணு மணி நேரம் ஒக்காந்து கேக்கறாங்க. அவங்ககிட்டப் போயி இது ஆம்பியன்ட்டுன்னு மட்டும் சொல்லிப்புடாத, காப்பி குடுக்க மாட்டாங்க.

ஒத்துக்காரனா இருக்கறது கொறச்சல்னு நான் சொல்லல. கெட்டிக்கார ஒத்துக்காரங்க கதை கேளு. இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊரு, அங்க மாசிவ் அட்டாக்குன்னு ஒரு கூட்டம். ஜமைக்காவுலருந்து குடி வந்தவங்க ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கரு அடுக்கித் தெருவுல ரெக்கார்டு போடற வழக்கத்தப் பாத்து வளந்த பசங்க. அதாவது மைக் செட்டுக்காரனுக. கேட்டதும் எனக்கு அவங்க மேல ஒரு பாசம் வந்துருச்சு. 1991-ல மொத ஆல்பம், 'புளூ லைன்ஸ்'. அதுலயே ஷாரா நெல்சன்னு ஒரு அம்மாவ முன்னால நிறுத்திப் பாட வெச்சாங்க. ஹோரஸ் ஆண்டின்னு ஒரு ஜமைக்காக்காரர், ஊருல ஏற்கெனவே பேரு வாங்கின பெரிய பாடகர், அவரையும் கூப்பிட்டாங்க. ஒரம்பரையா வந்தவரு 2010 ஆல்பம் வரைக்கும் அஞ்சுலயும் பாடியிருக்காரு. ஒருத்தர ஒருதரம் கூப்பிடறது பெரிசில்லடா, மறுக்கா கூப்பிட்டா வர்றாரா, அதுல தெரிஞ்சுபோகும் நீ அவரை எப்படி வெச்சிருந்தன்னு.

1998-ல அவங்க 'மெசனைன்' வந்துச்சு. இருட்டுக்கே இருட்டு பூசுன ஆல்பம், உனக்குப் புடிச்சது அதுதான்னு தெரியும். அதுல 'டியர்டிராப்'புன்னு ஒரு பாட்டு. மெட்டு தயாரானதும் கூட்டத்துல இருந்த மூணு பேர்ல ஒருத்தரு அத மடோனாவுக்கு அனுப்பிட்டாரு. மத்த ரெண்டு பேரும் எலிசபெத் ஃபிரேசர்ங்கற பாடகிதான் பாடோணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. மடோனா பாடறதுக்குத் தயாரு! ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஃபிரேசரே பாடுனாங்க. நம்மூரா இருந்தா மடோனா பேரப் போட்டு போஸ்டர் அடிச்சு, பழனி பஸ் ஸ்டாண்டுல ஒட்டி, அப்பறந்தான் மெட்டே போட்டிருப்போம். தோத்தவரு மறுவருசம் கூட்டத்த விட்டே போயிட்டாரு, அது வேற பஞ்சாயத்து.

அந்தப் பாட்டப் பாடிப் பதிவு பண்ணிக்கிட்டு இருக்கும்போது ஃபிரேசருக்கு ஒரு சேதி வருது. சினேகிதர் ஜெஃப் பக்லி ஆத்துல முங்கிச் செத்துப்போனாருன்னு. 1997-ல நடந்தது. அந்தத் துக்கம் அந்தப் பாட்டோடயே ஒட்டிக்கிச்சுன்னு அவங்களே பின்னால சொல்லியிருக்காங்க. மூடு வேணும், மூடு வேணும்னு நீ லைட்ட அணைச்சுட்டு நீல பல்பு போட்டு உக்காந்திருக்கியே, அதுல கொசுதான் வரும். சோகச் சத்தத்த வெளிநாட்டுக் கம்பெனிகிட்டக் காசு குடுத்து வேற வாங்கறியாமா. தேவராட்டத்துக்கு உறுமி வாசிக்கறவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. ஒரு பக்கத்துத் தோலு மேல வளஞ்ச குச்சிய வெச்சுத் தேச்சாங்கன்னா அந்த முனகல் அடி வயித்துல வந்து நிக்கும். அவங்களக் கூப்பிட்டுக் காசக் குடு. பெட்ரோல் செலவுகூட ஆவாது.

உனக்கு வெள்ளக்காரன் கதைதான் ஏறுமுன்னா, நம்மாளு கதை ஒண்ணும் அதுக்குள்ளயே இருக்கு. மாண்டலின் சீனிவாஸ். ஆந்திராவுல பாலகொல்லுல 1969-ல பொறந்து, சின்னப் பையனா சென்னைக்கு வந்து, 1981-ல கச்சேரி பண்ணி ஊரையே வாயப் பொளக்க வெச்சாரு. மாண்டலினுக்கு ரெட்டை ரெட்டையாத் தந்தி இருக்கும். இழுத்தா சத்தம் நிக்காது, கமகம் வராது. அவரு ஒத்தைத் தந்தியா அஞ்சு கட்டி, கரண்டுல மாட்டி, கர்நாடக சங்கீதத்த அதுல ஒக்கார வெச்சாரு. கரண்டு வாத்தியமான்னு மொதல்ல மூக்கச் சுழிச்ச ஆளுகளும் உண்டு. அந்த சீனிவாஸும் மைக்கேல் புரூக்குன்னு ஒரு கனடாக்காரரும் சேந்து 1995-ல 'டிரீம்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. பீட்டர் கேப்ரியல் நடத்துன ரியல் வேர்ல்டு கம்பெனி வெளியீடு. மைக்கேல் புரூக்கு யாருன்னா, கித்தார்ல ஒரு சுரத்த மீட்டுனா அது ஓயாம நின்னுக்கிட்டே இருக்கற மாதிரி ஒரு கருவி பண்ணுனவரு. அதாவது கித்தாருக்குள்ள ஒத்து! அந்த ஆல்பத்துல ஜேன் சிபெரின்னு ஒரு கனடா அம்மா குரலு, நைஜல் கென்னடி வயலினு. எல்லாம் ஒரம்பரைதான். நீ கேட்டிருக்க மாட்ட, நம்மாளு போட்டதாச்சே. கேளு. மாண்டலின் வரும்போது மத்த சத்தம் எல்லாம் எப்படி ஒதுங்கி வழி விடுதுன்னு பாரு. எனக்கு அதுல மேளம் கொஞ்சம் அதிகமோன்னு தோணுச்சு, ஆனா எங்கிட்ட யாரு கேட்டா.

அதே புரூக்குத்தான் 1990-ல பாகிஸ்தான் கவ்வாலி மன்னர் நுஸ்ரத் ஃபதே அலி கானோட 'மஸ்த் மஸ்த்' பண்ணாரு. அதுல ஒரு பாட்ட மாசிவ் அட்டாக்கு பசங்களே பிரிச்சு மேஞ்சு மறுபடி கட்டிக் குடுத்தாங்க. புரூக்குக்குப் பாஷை தெரியாது. பாட்ட அங்க இங்க வெட்டி ஒட்டும்போது ஒரு வரிய நடுவுல அறுத்துப்புட்டாரு. சும்மா ராகம் இழுத்தத எப்படி வேணா வெட்டிக்கலாம், சாமி பேருல பாடுன வரிய அர்த்தம் கெடற மாதிரி வெட்டக்கூடாதுன்னு நுஸ்ரத் பக்கத்துல கறாரா நின்னு சரி பண்ண வெச்சாங்க. நீயும் கத்திரி வெச்சுக்கிட்டு இருக்கறவன். வெட்டறதுக்கு முன்னால பாடுனவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளு.

எக்கோ விசயம் ஒண்ணு. எங்க ஆம்ப்ளிபயர்லயும் எக்கோ திருகு உண்டு. வள்ளி திருமணம் நாடகத்துல பபூன் வந்தா கொஞ்சம் திருகுவேன், சனம் சிரிக்கும். தலைவரு பேச்சுக்குத் திருகுனா சொன்னதே நாலு தரம் கேக்கும், அவருக்கும் சந்தோசம். நீ என்னடான்னா சென்னைப் பொண்ணு குரல வையாபுரிக் கொளத்துல முக்கி வெச்சிருக்க. என்ன பாடுதுன்னே வெளங்கல. கேட்டா "டெக்ஸ்சர்"ங்கற. அந்தப் பொண்ணோட அம்மா கேட்டா எம்பொண்ணு எங்க இருக்கான்னு தேட மாட்டாளா? ஒரம்பரைய வாசல்ல நிறுத்திப் போர்வையால மூடறதுக்கா கூப்பிட்ட?

இதெல்லாம் சில்லறைக் குத்தம். பெரிய குத்தத்துக்கு இப்ப வர்றேன், நகராம உக்காரு.

ஒரம்பரைன்னு கூப்பிட்டவங்க ஒருபக்கம். கூப்பிடாமயே இழுத்துட்டுப் போயி பாட வெச்சது இன்னொரு பக்கம். 1992-ல டீப் ஃபாரஸ்டுன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுல 'ஸ்வீட் லல்லபை'ன்னு ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓடுச்சு. அந்தக் குரலு அஃபுனாக்வாங்கற அம்மாவோடது. சாலமன் தீவுகள்ல மலைட்டாங்கற தீவுக்காரங்க. அழுவற அநாதைத் தம்பியத் தேத்தற தாலாட்டு. ஹியூகோ செம்ப்புன்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு 1970 வாக்குல ஆராய்ச்சிக்காகப் பதிவு பண்ணி வெச்சது யுனெஸ்கோ ரெக்கார்டா வந்திருந்துச்சு. அத எடுத்து அடியில தாளத்தப் போட்டு ஓட்டுனாங்க. அந்தம்மா பேரு அட்டையில கெடையாது. இன்னும் கேளு கூத்த. நார்வேயில ஜான் கார்பரெக்குன்னு பெரிய சாக்ஸபோன் வித்துவான், அந்தப் பாட்டக் கேட்டு, ஆப்பிரிக்கா பிக்மிக தாலாட்டுன்னு நெனச்சுக்கிட்டு 1996-ல அதே பேருல வாசிச்சுட்டாரு. அந்தம்மா இருந்தது பசிபிக் கடல் தீவு. பேர எழுதாம விட்டா ஊரே மாறிப்போயிருது பாத்தியா.

எனிக்மா கதை இன்னும் சத்தமானது. மைக்கேல் கிரேட்டுன்னு ஒரு மியூசிக்குக்காரரு, 1993 கடைசியில 'த கிராஸ் ஆஃப் சேஞ்சஸ்'னு ஒரு ஆல்பம். அதுல 'ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்'. ஆரம்பத்துலயே ஒரு கெழவரு ஓங்கிக் குரல் குடுப்பாரு. அதுக்குத்தான் அந்தப் பாட்டே ஓடுச்சு. தைவான்ல அமிஸ் சனத்தச் சேந்த டிஃபாங்கும் அவரு சம்சாரமும் பாடுனது. 1988-ல பிரான்சுக்குப் பாடப் போனப்பப் பதிவு பண்ணுன குரலு. 1996-ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வெளம்பரத்துல அந்தப் பாட்டு வருது. ஒலகமே கேக்குது, பாடுன விவசாயிக்கு ஒரு தாக்கலும் இல்ல. 1998-ல கேசு போட்டாங்க. 1999-ல பேசி முடிச்சு, பேரும் குடுத்துப் பணமும் குடுத்தாங்க. கிரேட்டு சொன்னது என்னன்னா, யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுன்னு நெனச்சேன்னு. கெழவன் கெழவி பாடுனா யாருக்கும் சொந்தமில்ல, கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் சொந்தக்காரன் பொறந்துடறான்!

இப்ப உன் ஆல்பத்துல மூணாவது பாட்டுக்கு வருவோமா?

நடுவுல ஒரு பொம்பளக் குரல் வருதே. தொட்டில் ஆட்டிக்கிட்டே பாடற குரலு, பின்னால ஆடு கத்துது. "அது யாருடா?"ன்னேன். "சும்மா ஃபீல்டு ரெக்கார்டிங், அப்பாரு"ன்ன. அடேய், அந்த ஆட்டையே எனக்குத் தெரியும், பாடறவளத் தெரியாதா? அது தோட்டத்து வீட்டு அப்பத்தா. பேத்தியத் தொட்டில்ல போட்டு ஆட்டும்போது நீ மோரு குடிக்கப் போனவன், போனத் திண்ணையில வெச்சு எடுத்துக்கிட்டு வந்துட்ட. சென்னைப் பொண்ணுக்குப் பேரு, படம், பாதிப் பங்கு. டொரண்டோ பையனுக்கு டாலரு. அப்பத்தாவுக்கு மட்டும் 'ஃபீல்டு'ன்னு பேரு. அவ மோரும் குடுத்தா, பாட்டும் குடுத்தா, கடைசியில காடா ஆயிட்டா.

ஊருப் பாட்டுதானே, மெட்டு அவ போட்டதில்லையேன்னு இழுக்காத. மெட்டு பொதுவா இருக்கட்டும். கொரலு அவளுது. நம்ம நாட்டுச் சட்டத்துலயே பாடறவங்களுக்குன்னு தனியா உரிமை இருக்கு. காப்புரிமைச் சட்டத்த 2012-ல திருத்தும்போது, பாடுனவ நாந்தான்னு தன் பேரச் சொல்லச் சொல்லிக் கேக்கற உரிமையையும், பாடுனத அலங்கோலம் பண்ணி மானத்த வாங்குனாத் தடுக்கற உரிமையையும் அதுல எழுதி வெச்சுட்டாங்க. அப்பத்தாவுக்கு வக்கீலு வெக்கத் தெரியாதுன்னுதானே இந்தத் துணிச்சல்? அவ மருமவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தரகு பாக்கறவன்டா. வக்கீலு தேவையில்ல, அவன் வாயே போதும்.

பேரு போடறது எப்படின்னு கேளு. ஏ.ஆர். ரகுமான் கேசட்டு எங்கிட்டப் பொட்டி பொட்டியா இருந்துச்சு. அட்டைய விரிச்சா, புல்லாங்குழல் யாரு, வயலின் யாரு, கோரஸு யாரு, பதிவு பண்ணுன இன்சினியரு யாருன்னு பொடி எழுத்துல வரிசையா இருக்கும். அதுக்கு முன்னால நம்ம சினிமாவுல பாடுனவங்க பேரு தெரியும், வாசிச்சவங்க பேரு யாருக்குத் தெரியும்? நவீனோட புல்லாங்குழல்னு நான் தெரிஞ்சுக்கிட்டதே அந்த அட்டையப் பாத்துத்தான். 1997-ல 'வந்தே மாதரம்' ஆல்பத்துல நுஸ்ரத்தக் கூப்பிட்டாரே, அந்த ஆகஸ்ட்டுலயே நுஸ்ரத் போயிச் சேந்துட்டாரு. பேரு அட்டையில நிக்குது. உன் ஆல்பத்துக்கு அட்டையே கெடையாது, எல்லாம் போன்லதான்னு சொல்லுவ. போன்ல பேரு எழுத எடமில்லாமயா போச்சு? உன் பேர அதுல எத்தன தரம் எழுதியிருக்கன்னு எண்ணிப் பாத்தேன், வேண்டாம், சொன்னா வெக்கப்படுவ.

நாளைக்குக் காலையில அப்பத்தா வீட்டுக்குப் போ. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், மத்தவங்களுக்குக் குடுத்த அதே தொகை, எல்லாம் வெச்சுக் குடு. பாட்ட மொதல்ல போட்டுக் காட்டு. நீ மெதுவா ஓட்டி, அவ கொரல ஆம்பளக் கொரலாட்ட ஆக்கி வெச்சிருக்க, அதக் கேட்டா வௌக்குமாத்தத் தேடுவா. சரி பண்ணிக் கொண்டு போ. ஆடு கத்தறத மட்டும் எடுத்துப்புடாத, அந்தப் பாட்டுலயே நல்லா இருக்கறது அந்த எடந்தான். ஒண்ணு, அவ வேண்டாம்னு சொல்லிட்டா பாட்டத் தூக்கிப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டு வந்துரோணும். கெஞ்சக்கூடாது.

சரின்னு சொன்னான்னா பேரக் கேளு. "என்னமோ அப்பத்தான்னு போடு"ம்பா. விட்டுறாத. எடுத்ததும் அவ ஊட்டுக்காரரு பேரச் சொல்லி இன்னாரு சம்சாரம்னு சொல்லுவா, அதையும் எழுதாத. ரேஷன் கார்ட எடுத்துட்டு வரச் சொல்லு. அதுலயும் தப்பாத்தான் அடிச்சிருப்பானுக, அவகிட்டயே வாய் விட்டுச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா எழுதிக்க.